வலிக்காத வீக்கம்

முதலில் வளைந்தது ஒரு கோடு.

நாமக்கல்லில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தையல் டீச்சராக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் பாவாடை வெட்டும் பாடம். மேஜையில் துணியை விரித்து, ஸ்கேலை வைத்து, துணிக்குப் போடும் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தேன். ஸ்கேலை எடுத்துவிட்டுப் பார்த்தால் கோட்டின் நடுவில் ஒரு மேடு தெரிந்தது. துணிக்கு அடியில் நூல்கண்டு ஏதாவது கிடக்கிறதோ என்று தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கோடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நேராகத்தான் இருக்கிறது என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு இருந்தது. பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். கோணல் என் கண்ணில் இருந்தது.

நான் டாக்டர் இல்லை. சர்க்கரை நோய் கண்ணுக்குள் என்ன செய்யும் என்பதை, பட்டதை வைத்தும், பட்ட நேரத்தில் எனக்குச் சொல்லப்பட்டதை வைத்தும் எழுதுகிறேன். பெரிய எழுத்தில் நான் எழுதித் தருவதை என் மகள் வசந்தி படியெடுக்கிறாள்.

எனக்குச் சர்க்கரை இருப்பது அதற்குப் பல வருடங்கள் முன்பே தெரியும். எழுபதுகளின் நடுவில் முதுகில், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கட்டி கிளம்பியது. கொப்புளம் என்று விட்டுவிட்டேன். அது கையகலம் பரவி, பல கண் வைத்துச் சீழ் கட்டியது. சிவந்தது, வீங்கியது, தொட்டால் அனலாய்ச் சுட்டது, வலியில் மல்லாந்து படுக்க முடியவில்லை. ராஜபிளவை என்று ஊரில் சொன்னார்கள். நாமக்கல்லில் டாக்டர் அதைக் கீறி எடுத்துவிட்டு, சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். நீல நிற மருந்தில் சில சொட்டு விட்டு விளக்கில் காய்ச்சினார்கள். பச்சையானால் சர்க்கரை கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறமானால் மிக அதிகம். என்னுடையது செங்கல்லாகவே ஆனது.

மாத்திரை கொடுத்தார்கள். புண் ஆறியதும் நோயும் ஆறிவிட்டது போல இருந்தது. வலி இல்லாத நாளில் மாத்திரை ஞாபகம் வருவதில்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போது விழுங்குவேன், லீவில் மறப்பேன். இப்படியே வருடங்கள் போயின.

எங்கள் காடு எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் கடலையும். அதைப் பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் கணவர் குமாரசாமி. இன்னொருவர் அவருடைய அக்கா ராமாயி. கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவோம். கல்யாணமான சில வருடங்களிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். மாடும் மடையும் அவர் கையில்தான். நான் பஸ் ஏறி வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. மாட்டிடம் சொல்வார், எனக்குக் கேட்கும்படி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தேவையான வார்த்தைகளை மட்டும் பேசியே நாங்கள் காலம் தள்ளினோம்.

கோடு வளைந்த பிறகு கண்ணாடி மாற்றிப் பார்த்தேன். சேலத்தில் கண்ணாடிக் கடைக்காரர் எத்தனையோ வில்லைகளை மாற்றிப் போட்டுவிட்டு, இது கண்ணாடிக்கு அடங்குகிற கோளாறு இல்லை, டாக்டரிடம் போங்கள் என்று சொல்லிவிட்டார். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கண் டாக்டரம்மா இருந்தார். வாழப்பாடிக்காரர். கறாரான முகம், மெதுவான பேச்சு.

அவருடைய காத்திருக்கும் அறை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கண்ணுக்குள் பார்க்க வேண்டுமானால் பாப்பா, அதாவது கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், விரிய வேண்டும். அதற்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்துவிடுவார்கள். சுவரோரம் வரிசையாக ஆட்கள், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கியபடி. யாரும் யாரையும் பார்க்காத ஒரு கூட்டம். என் கணவர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு அந்த வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. வெளியிடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, அதனால் அதன் பின்புறம் எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை. இடது கண்ணில் விழித்திரை வீங்கியிருக்கிறது. விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. சினிமாக் கொட்டகையில் திரை போல, பார்க்கும் பொருள் அதில்தான் விழுகிறது. திரை மேடு தட்டினால் படம் கோணும். என் கோடு வளைந்தது அப்படித்தான்.

வீங்கியிருந்தால் எனக்கு வலித்திருக்க வேண்டுமே என்று கேட்டேன்.

"அங்க வலிக்கிற நரம்பு கிடையாதும்மா," என்றார். "முதுகுல கட்டி வந்தப்ப வலி உங்களை டாக்டர்கிட்ட இழுத்துட்டு வந்துச்சு. இது கூப்பிடாது."

வலது கண்ணில் புரையை எடுப்பது என்று முடிவானது. எடுத்தால் அந்தக் கண்ணில் பார்வை வரும், பின்புறத்தையும் பார்க்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பிறகு கோளாறு வருவதுண்டு என்று அவர் முன்பே சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டோம். புரை எடுத்து நன்றாக இருக்கிறவர்கள் ஊரில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களைத்தான் நினைத்துக்கொண்டோம்.

டாக்டரம்மா அறுவை செய்யும் சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்கலாம் என்றார்கள். வசந்திக்குக் காலேஜில் பரீட்சை. என் அம்மா இல்லை. ராமாயி நங்கையா மாற்றுப் புடவையை ஒரு பையில் போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். வெங்காயம் பிடுங்குகிற சமயத்தில் அவர் காட்டை விட்டு வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அத்தனை நாள் அவரோடு என்ன பேசுவது?

அந்தக் காலத்தில் புரை அறுவைக்குப் பிறகு அசையக் கூடாது. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைப்பார்கள். இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கக் கூடாது. இரண்டு கண்ணையும் கட்டிவிடுவார்கள். நான் இருட்டுக்குள் மல்லாந்து கிடந்தேன். நங்கையா கேழ்வரகுக் கூழைக் கரண்டியில் மொண்டு என் உதட்டோரம் வைத்து, நான் விழுங்கும் வரை காத்திருப்பார். தலையை அசைக்காமலே என் முடியைச் சிக்கெடுப்பார், நுனியிலிருந்து மேலே, ஒவ்வொரு கொத்தாக. காப்பி சர்க்கரை இல்லாமல் வரும். எனக்கு அது கஷாயம். ஒரு நாள் நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது, அவரும் சர்க்கரை இல்லாமலே வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "ஒருத்தி கசப்பக் குடிக்கையில பக்கத்துல ஒக்காந்து இனிப்பக் குடிக்கிறதா?" என்றார். கோபமாகச் சொல்வது போலச் சொன்னார்.

பேச்சு இப்படித்தான் ஆரம்பித்தது. கட்டிய கண்ணோடு இருப்பதில் ஒரு வசதி இருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியாது, நான் பார்க்கிறேன் என்ற கூச்சமும் அவருக்கு இல்லை. அவர் தன் புருஷனைப் பற்றிச் சொன்னார். காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றும், அப்போதும் இதே போல் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் தான் உட்கார்ந்திருந்ததாகவும். என் கணவர் அதை என்னிடம் சொன்னதே இல்லை.

கட்டு அவிழ்த்த அன்றைக்கு டாக்டரம்மாவின் கைவிரல்கள் தெரிந்தன. நங்கையாவின் பச்சைப் புடவை தெரிந்தது. அந்தப் பச்சையைப் பார்த்து அழுதேன், அழக் கூடாது என்று நர்ஸ் அதட்டினாள். வீட்டுக்குப் போகப் பையைக் கட்டிவிட்டோம்.

போகும் முன்பே கண் சிவந்தது. முதலில் உறுத்தல். பிறகு வெளிச்சம் படக் கூடாத அளவுக்குக் கூச்சம். பிறகு கண்ணுக்குப் பின்னாலிருந்து மண்டை வரை பிடுங்கும் வலி. தெரிந்த பச்சை பனிமூட்டத்துக்குள் போனது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, உள்ளே அழற்சி வந்திருக்கிறது என்றார். அந்த வார்த்தையை நான் அப்போதுதான் காதால் கேட்டேன். அழல் என்றால் தீ. தீப்பட்டது போல ஆவது அழற்சி. அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, அவசரப்படாமல் எங்களுக்கு விளக்கினார். உடம்பில் எங்கே வெட்டுப்பட்டாலும் அந்த இடம் சிவந்து வீங்கும். ரத்தக் குழாய்கள் தங்கள் சுவரை இளக்கிக்கொடுக்கும். நீரும் வெள்ளணுக்களும் வெளியே கசிந்து வந்து புண்ணை ஆற்றும். வேலை முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடும். அடங்கினால் அது மருந்து. அடங்காவிட்டால் அதுவே நோய்.

சர்க்கரை உடம்பில் அது சுலபமாக அடங்குவதில்லை என்றார். ரத்தத்தில் வருடக்கணக்காகச் சர்க்கரை மிகுந்து ஓடினால் மெல்லிய குழாய்களின் சுவர் கெட்டுப்போகிறது. வெட்டு இல்லாமலே அங்கே ஒரு புகைச்சல் நடந்துகொண்டே இருப்பது போலத்தான் தமக்குத் தோன்றுகிறது என்றார். குழாய் கசிகிறது, கசிந்த நீர் விழித்திரையில் தேங்கி வீக்கமாகிறது. சில குழாய்கள் அடைத்துப் போகின்றன. ரத்தம் கிடைக்காத இடம் தவித்துப் புதுக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. அந்தப் புதுக் குழாய்களுக்கு வலு இல்லை, தொட்டால் உடைகிற தளிர் மாதிரி. அதில் சர்க்கரை எத்தனை பங்கு, அழற்சி எத்தனை பங்கு, எது முன்னே எது பின்னே என்பதை இன்னும் யாரும் முடிவாகச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உங்கள் கண்ணில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த இடத்தில்தான் நான் கத்தி வைத்திருக்கிறேன், புரை மறைத்ததால் அது எனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

அழற்சியை அடக்க ஸ்டீராய்டு என்ற மருந்து. மணிக்கொரு தரம் சொட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி. ஊசி முனை வரும்போது கண்ணை மூடவும் முடியாது. நங்கையா என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார். அந்த மருந்தின் கோளாறு, அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும். ஏறினால் கண் இன்னும் கெடும்.

"அணைக்கிற தண்ணியிலேயே கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்திருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "ஆனா வேற தண்ணி என்கிட்ட இல்லை."

மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசி ஆரம்பித்தார்கள். கண்ணாடிச் சிரிஞ்சை வேகவைக்கும் சத்தம் காலையில் வார்டு முழுக்கக் கேட்கும். எத்தனை பேருக்கு அந்தச் சத்தம் பயம் என்று அடுத்தடுத்த கட்டில்களில் கேட்கிற பெருமூச்சிலிருந்து தெரியும். என் சிறுநீர் ஒரு நாள் பச்சையாகும், மறுநாள் செங்கல்லாகும். கண் ஒரு நாள் தெளியும், மறுநாள் மூடிக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக நல்லபடியாக இருந்த நாள் எனக்கு ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் வருவார். ராகி மாவும், வறுத்த கடலையும் கொண்டுவருவார். என்ன சொல்வதென்று தெரியாமல் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று சொல்வார். ஒரு வாரம் வண்டிமாடுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். நன்றாக இருக்கின்றன என்றார். அவர் போன பிறகு நங்கையா, வண்டிமாட்டை விற்றுவிட்டான், நீ தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்றார்.

வலது கண் போய்விட்டது. கடைசியில் அந்த வலுவில்லாத புதுக் குழாய்கள் கண்ணின் முன்பக்கம் வரை வந்து, உள்நீர் வடியும் வழியை அடைத்துவிட்டன. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியது. வாந்தியும் வலியுமாகச் சில நாட்கள். பிறகு வெளிச்சமும் தெரியவில்லை. வலியை மரக்கவைக்க ஒரு ஊசி போட்டார்கள். டாக்டரம்மா என் தோளில் கை வைத்துக்கொண்டு, இனி இந்தக் கண்ணைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, இடது கண்ணைக் காப்பாற்றுவதைப் பேசுவோம் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. வலி நின்றதே போதும் என்று இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இடது கண்ணுக்கு ஒளியால் சூடு வைக்கும் லேசர் வைத்தியம் வேண்டும், அது சேலத்தில் இல்லை, மெட்ராஸுக்குப் போக வேண்டும் என்றார். அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் பார்வை நங்கையாவின் காலில் விழுந்தது. பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. வேலமுள் குத்திய புண், நான் சேர்வதற்கு முன்பிருந்தே இருந்தது. அவிழ்க்கச் சொன்னார். ஆறாத புண். நங்கையாவின் சிறுநீரையும் நீல மருந்தில் காய்ச்சினார்கள். செங்கல்.

டாக்டரம்மா அவருக்கும் சொட்டு விட்டு உட்கார வைத்தார். நான் கட்டிலில் சாய்ந்து காத்திருந்தேன். டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்தார். விளக்கை அணைத்து, தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டாம் முறை பார்த்தார். நங்கையாவின் இரண்டு கண்ணிலும் ரத்தப் புள்ளிகளும் புதுக் குழாய்களும் இருந்தன. நடுப்பகுதியை இன்னும் தொடவில்லை, அதனால் பார்வை குறையவில்லை. என்னுடைய இடது கண்ணைவிட அவர் நிலைமை மோசம். என்னோடு அவரும் மெட்ராஸுக்குப் போக வேண்டும் என்றார்.

நங்கையா சிரித்தார். "சொவத்துல எறும்பு போறது எனக்குத் தெரியுதுங்க. ஒரு வலி இல்ல, ஒரு நோவு இல்ல."

வலிக்காது என்பதுதான் இந்த நோயின் கெட்ட குணம் என்று டாக்டரம்மா எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார். நங்கையா மரியாதையாகத் தலையாட்டினார். கால் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டார், சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டார். கண்ணைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவர் ரயிலுக்கு ஏற்பாடு செய்தார். நங்கையா கிளம்பவில்லை. என் கணவர் கெஞ்சினார், சத்தம் போட்டார், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். பிறகு நான் போய் நங்கையாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கறவை மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். எனக்காகவாவது வாருங்கள் என்றேன்.

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லாத் தெரியற கண்ணக் கொண்டுபோயி யாராச்சும் சுடச் சொல்லிக் குடுப்பாங்களா, சாமி? உன்ற கண்ணு ஆஸ்பத்திரிக்குள்ள போறப்ப மங்கலாவாச்சும் தெரிஞ்சுது. வெளிய வாறப்ப என்ன இருந்துச்சு? நான் பக்கத்துலயே ஒக்காந்து பாத்தவ. எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்."

அவர் கண்ணால் கண்ட அத்தாட்சி நான்தான்.

மெட்ராஸுக்கு நானும் கணவரும் மட்டும் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. முதலில் கைநரம்பில் ஒரு மஞ்சள் சாயத்தை ஏற்றிக் கண்ணின் பின்புறத்தைப் படம் பிடித்தார்கள். ரத்தத்தோடு சாயம் போகும்போது எங்கே குழாய் ஓட்டையோ அங்கே படத்தில் வெள்ளையாகப் பொங்கி நிற்கும். குமட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு முழுக்க என் தோலே மஞ்சள் பூசியது போல இருந்தது. படத்தைக் கணவரிடம் காட்டினார்கள். கூரை ஒழுகிய சுவர் மாதிரி இருக்கிறது என்று அவர் என்னிடம் சொன்னார்.

லேசர் என்பது கூர்மையாகக் குவித்த ஒளி. முகவாயை ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். கண்ணின் மேல் ஒரு வில்லையை ஒட்டிவிடுவார்கள், இமைக்க முடியாது. பிறகு பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்கும். ஒவ்வொரு அடியும் விழித்திரையில் ஒரு சின்னச் சூடு. கசிகிற இடத்தை அடைப்பதற்கும், ரத்தம் போதாத ஓரங்களைச் சுட்டு, அவற்றின் தவிப்பை அடக்கி, நடுவைக் காப்பாற்றுவதற்கும் இது. போன பார்வை வராது, இருப்பது நிற்கலாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். நிற்கும் என்று சொல்லவில்லை. தாடை நடுங்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். சூடு படும்போதெல்லாம் நங்கையா சொன்ன வார்த்தை காதில் கேட்டது. அவர் சொன்னது சரியோ என்று கூட நினைத்தேன்.

பல தடவை போய்வந்த பிறகு இடது கண் ஒரு நிலைக்கு வந்தது. கோணல் போகவில்லை. இருட்டில் தடுமாற்றம் அதிகமானது. ஆனால் நடக்கலாம், ஆளை அடையாளம் தெரியும், பெரிய எழுத்தைப் பிரித்துப் படிக்கலாம். மிஷின் முன்னால் உட்கார முடியாது. வேலையை விட்டேன். கடைசி நாளில் பிள்ளைகள் தாங்களே தைத்த ஒரு ரவிக்கையைக் கொடுத்தார்கள். தையல் நேராக இருக்கிறதா என்று என்னால் பார்க்க முடியவில்லை, விரலால் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றேன்.

அடுத்த வருடம் ஐப்பசி வாக்கில் அது நடந்தது. நடுப்பகல். என் கணவர் காட்டிலிருந்து வந்து வாசலில் நின்றார். நங்கையா உள்ளே வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "யாருங்க அது?" என்று கேட்டார்.

தம்பியை அவர் ஆயுசில் வாடா போடா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அந்த மரியாதையைக் கேட்டு என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். நான் அடுப்படியிலிருந்து வந்தேன். அவர் அக்காவின் முன்னால் போய்க் குந்தினார். கை நீட்டித் தம்பியின் முகத்தைத் தொட்ட பிறகுதான் நங்கையாவுக்கு ஆள் தெரிந்தது.

ஆடி நோம்பிக்கு முன்பே ஒரு கண்ணில் கறுப்பு நூல் நூலாகத் தொங்க ஆரம்பித்ததாம். பிறகு புகை போல. மற்றக் கண்ணால் சமாளித்திருக்கிறார். அந்தக் கண்ணிலும் சில நாட்களாகப் புகை. எல்லா வேலையையும் பழக்கத்திலேயே செய்துவிட்டார். பால் கறக்கக் கண் வேண்டாம், மடை திருப்பத் தண்ணீர்ச் சத்தம் போதும். எங்களுக்குத் தெரியவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். வண்டிமாடு என் வைத்தியத்துக்கே விற்றாகிவிட்டது.

டாக்டரம்மா பார்த்தபோது உள்ளே ரத்தம் நிறைந்திருந்தது, விளக்குக்குப் பின்புறம் எட்டவில்லை. மறுபடி சேலத்து வார்டு. இந்தத் தடவை அவர் கட்டிலில், நான் ஸ்டூலில். ரத்தம் தானாக வடிகிறதா என்று பார்க்கத் தலையை உயர்த்திப் படுக்கவைத்தார்கள். காலையில் சிரிஞ்சு வேகும் சத்தம். நான் அவர் தலையைச் சிக்கெடுத்தேன். எனக்கு முடி தெளிவாகத் தெரியாததால் சில சமயம் இழுத்துவிடும். அவர் பொறுத்துக்கொள்வார்.

ரத்தம் வடியவில்லை. மெட்ராஸுக்குப் போனோம், மூன்று பேரும். ஒரு கண்ணில் அறுவை செய்தார்கள். ரத்தத்தோடு வளர்ந்திருந்த நார் போன்ற சவ்வு விழித்திரையைப் பின்சுவரிலிருந்தே இழுத்துப் பிய்த்துவிட்டிருந்தது. மற்றதிலும் அப்படித்தான். அங்கிருந்த டாக்டர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் திரும்பி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். அவர் சொல்லத் தொடங்கும் முன்பே, "தெரியும்டா, ஊட்டுக்குப் போலாம்," என்றார் நங்கையா.

ரயிலில் திரும்பினோம். சேலத்தில் இறங்கி நாமக்கல் பஸ் ஏறினோம். பெண்கள் சீட்டில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கணவர் பின்னால் இருந்தார். பஸ் ஊரைத் தாண்டி வெளியே வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. நங்கையா முந்தானையைத் தலையோடு இழுத்துப் பிடித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நீ கூப்பிட்டப்பவே வந்திருந்தா, நின்னுருக்குமா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். நின்றிருக்காது என்று சொல்லிவிடலாம் என்று ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்கும். ஆனால் கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தியவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

"சொல்ல முடியாதுங்க நங்கையா," என்றேன். "என்ற கண்ணு பாதி நின்னுச்சு."

அவர் தலையை ஆட்டினார்.

"பாதி போதுமே, சாமி."

அவர் கை என் மடியில் இருந்தது. ஏதோ ஒரு ஊரில் பஸ் நின்று ஆட்கள் ஏறி இறங்கினார்கள். முறுக்கு விற்கிறவன் ஜன்னலைத் தட்டினான். நங்கையா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, இது எந்த ஊர் என்று என்னைக் கேட்டார்.

வெளியே ஒரு கடையின் மேல் போர்டு இருந்தது. எழுத்துகள் நடுவில் நெளிந்து ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. நான் எழுந்து நின்று, தலையைச் சாய்த்து, மறுபடி பார்த்தேன். பிறகு உட்கார்ந்து, முன்னால் நின்ற கண்டக்டரைக் கேட்டு, ஆண்டகளூர் கேட் என்று அவருக்குச் சொன்னேன்.